பித்தளை மூக்கு

அந்தப் பட்டறைக்குள் எந்தப் பொருள் வந்தாலும் அது வந்தபடியே வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. முதலாளி அதில் ஒரு திருத்தம் போட்டாக வேண்டும். நல்லபடியாக ஓடுகிற மோட்டாராக இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் கதவின் தாழ்ப்பாளாக இருக்கட்டும், கையில் வாங்குவார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், "இதுல ஒரு சின்னக் குறை இருக்கே" என்பார். எங்காவது ஓர் ஓட்டை போடுவார். இல்லாவிட்டால் இருக்கிற ஓட்டையை அடைப்பார். அத்தோடு அந்தப் பொருள் அவருடைய கண்டுபிடிப்பாகிவிடும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவனாவது நெய்யை நெய்யாகப் பரிமாறுவான். இவர் அதில் தண்ணீர் ஊற்றித்தான் பரிமாறுவார்.

பட்டறை ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் விஞ்ஞானி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. ஆட்கள் நடுங்கிப்போனார்கள். மனுஷன் கோபப்படவில்லை, பெயர்ப்பலகையில் தன் பெயருக்கு மேலே பெரிய எழுத்தில் அதையும் எழுதச் சொன்னார்.

பட்டறைக்கு இரண்டு தொழில். ஒன்று, தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற காற்றாலைகளின் பல்சக்கரங்களைச் செய்வதும் பழுதுபார்ப்பதும். இன்னொன்று, கல் குவாரிகளுக்கு ஏர் டிரில் செய்வது. அதாவது, கம்ப்ரஸர் அமுக்கி அனுப்புகிற காற்றின் பலத்தில் பாறையைக் குத்திக் குத்தித் துளை போடுகிற கருவி. விஞ்ஞானியின் புகழ் முதல் தொழிலில் தொடங்கியது. காற்றாலைக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும். காற்று அளவு மீறினால் அந்த வால் மடங்கும், சக்கரம் காற்றுக்கு முகம் கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கிற பல்சக்கரம் பிழைக்கும். அதை முதன்முதலில் யோசித்தவன் முட்டாள் இல்லை. விஞ்ஞானி அதைப் பார்த்தார். "ஓசியில வர்ற காத்துக்கு எவனாவது மூஞ்சியத் திருப்புவானா?" என்றார். வால் மடங்க முடியாதபடி வெல்டிங் வைத்தார். உள்ளே மூன்று மடங்கு வேகம் தருகிற பல்சக்கரங்களைக் கோத்தார். இனிமேல் கம்ப்ரஸருக்கு டீசலே வேண்டாம், காற்றாலையே காற்றை அமுக்கும், அந்தக் காற்றே பாறையைத் துளைக்கும் என்று அறிவித்து, பட்டறைக் கூரைமேல் அதை நிறுத்தினார். வியாபாரிகள் சங்கம் கேடயம் கொடுத்தது. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் காற்றாலை பாதிதான் தெரியும், இவர் முழுசாகத் தெரிவார்.

முதல் புயலிலேயே பல்சக்கரம் கிழவன் வாய் மாதிரி பல்லைக் கொட்டியது. ஒரு பல் பறந்துபோய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் துளை போட்டது. பாறையைத் துளைக்கவில்லை, அதையாவது துளைத்ததே என்று ஆட்கள் ஆறுதல்பட்டார்கள். நியாயம் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரரிடம் விஞ்ஞானி நிதானமாகச் சொன்னார்: "கியர்ல தப்பே கிடையாது. காத்துதான் தப்பா அடிச்சுது."

இந்த விஞ்ஞானி வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்தாள். மெக்கானிக்கல் இன்ஜினியர். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். அப்பா குவாரியில் டிரில் பிடிக்கிறவர்; காது பாதி போனவர், போனில் 'ஹலோ' சொன்னாரென்றால் போனே தேவையில்லை. பெண் பார்க்க வந்த அன்று விஞ்ஞானி அவர் காதருகே போய்க் கத்தினார்: "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. பொண்ணு இன்ஜினியர், அது போதும். பட்டறையில தனி ரூம் போட்டு, வாசல்ல பேர் எழுதி உட்கார வைக்கிறேன்!" சொன்ன சொல் தவறவில்லை. ரூம் போட்டார். வாசலில் பேரும் எழுதினார். அவருடைய பேரை எழுதினார்.

சம்பளம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். "மகளுக்கு யாராச்சும் சம்பளம் கொடுப்பாங்களா?" என்று மாமியார் நெகிழ்ந்துபோனாள்.

ஏர் டிரில்லுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியாளிடம் சொன்னால் நம்ப மாட்டான்: வெயிலில் நின்று வேலை செய்கிற அந்தக் கருவிக்குப் பனி பிடிக்கும். அமுக்கிய காற்றில் ஈரம் இருக்கும். குத்தி முடித்த காற்று வெளியேறும்போது சட்டென்று விரியும். விரிகிற காற்று குளிர்ந்துபோகும். ஈரம் உறைந்து, காற்று வெளியேறுகிற வாயிலேயே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வாய் அடைத்தால் டிரில்லுக்கு மூச்சு முட்டும், நின்றுவிடும். மழைக்காலத்தில் இது தினசரிக் கூத்து. ஆட்கள் ஸ்க்ரூடிரைவரால் நோண்டுவார்கள், சுத்தியலால் தட்டுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் டிரில்லைச் செய்தவனின் பரம்பரையை இழுப்பார்கள். செய்தவர் இங்கே நிழலில் உட்கார்ந்திருப்பார்.

டிரில்களைச் சோதித்துப் பார்ப்பது மருமகளின் வேலை. சோதிக்கும்போதெல்லாம் வெளியேறுகிற காற்றோடு எண்ணெய்த் துளிகளும் வந்து அவள் முகத்தில் அடித்தன. ஒருநாள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, காற்று வெளியேறும் வாயில் கட்டி, எண்ணெயைக் கீழே திருப்பிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற ஃபிட்டர் சிரித்தார். "மேக்கப் கலைஞ்சிடுமா இன்ஜினியரம்மா?"

"உங்களுக்குக் கவலையில்லண்ணே. எண்ணெய் பட்டாலும் படாட்டியும் ஒரே மூஞ்சிதான்."

அது மழை விட்ட மதியம். சோதனைக்கு வைத்த மற்ற டிரில்கள் ஒவ்வொன்றாக அடைத்து நின்றன. டியூப் கட்டியது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு குத்துக்கும் ரப்பர் துடித்தது. பனி ஒட்டப் பார்க்கும். ரப்பர் ஓர் உதறு உதறும். பனி தூளாகிப் பறக்கும். விறைத்து நிற்கிற இரும்பில் பனி குடித்தனமே நடத்தும். நெளிகிற ரப்பரில் அதற்கு உட்கார இடமில்லை.

பார்த்தது ஒரு நிமிஷம். அதைக் கருவியாக்குவதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. சைக்கிள் டியூப் எண்ணெயில் ஊறி ஊதிப்போனது. தடித்த ரப்பர் துடிக்க மறுத்தது, மெல்லியது கிழிந்தது. எண்ணெயைத் தாங்குகிற ரப்பரைத் தேடி வாகன உதிரிக் கடைகளில் ஏறி இறங்கினாள். அச்சு செய்தாள், சூடாக்கி அமுக்கினாள், விரல் பொசுங்கியது, திரும்ப அச்சு செய்தாள். கடைசியில் வந்தது ஒரு கருப்பு மூக்கு: அடியில் தடித்து, உதட்டில் மெலிந்து, வாய் விரிந்து. கிளிப் போட்டு டிரில்லில் மாட்டினால் மழையோ வெயிலோ டிரில் நிற்கவில்லை. பார்க்க லட்சணமாக இல்லைதான். பனி லட்சணம் பார்த்து உதிருவதில்லை.

விஞ்ஞானி அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, பன்னி மூக்கு மாதிரி? இதை மாட்டி வித்தா நம்ம மூஞ்சியிலதான் துப்புவாங்க." பிறகு, அவள் பயந்தபடியே, "இதுல ஒரு சின்னக் குறை இருக்கே" என்றார்.

அடுத்த வாரம் லேத்திலிருந்து பித்தளை மூக்கு இறங்கியது. தகதகவென்று பாலிஷ். வாய் விரியவில்லை, குறுகியிருந்தது. கேட்டதற்கு அவர் சொன்ன விஞ்ஞானம் இது: "வாய் சின்னதா இருந்தா காத்து வேகமா போகும். வேகமா போற காத்துக்கு உறையறதுக்கு நேரம் ஏது?"

"மாமா, துடிச்சாத்தான் பனி உதிரும். பித்தளை துடிக்காது."

"அது எதுக்கும்மா துடிக்கணும்? அதுக்கென்ன பிரசவ வலியா?"

பட்டறையே சிரித்தது. சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்கத்தான் வேண்டும். அவளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

"மழை ஈரத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, மாமா. அப்புறம் பேசுங்க."

"காலேஜ்ல எல்லாத்தையும் நனைச்சுப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று அவர் காய்ந்த வெயிலில் நாலு குத்து குத்திப் பார்த்தார். ஓடியது. நாலு குத்துக்கு எதுவும் ஓடும். அன்றைக்கே, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கித் தருகிற பேட்டன்ட் ஏஜன்ட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், மனு போட்டாயிற்று என்று அறிவித்து நகலை எடுத்து வாசித்தார். எதையும் சத்தம் போட்டு, வரிமேல் விரல் வைத்துத்தான் அவர் வாசிப்பார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். முழுப் பெயர், பட்டங்களோடு. கடைசிப் பத்திக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்: "'இக்கருவி விறைப்பான உலோகத்தால் மட்டுமே ஆனது. ரப்பர் முதலான மலிவான, தொளதொளத்த பொருள்கள் இதற்கு உதவா. அவை இக்கண்டுபிடிப்பில் சேரா.' ஏஜன்ட் இந்த வரி வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சிக்கிட்டான். போடுய்யா, எங்க வீட்டுல ஒருத்தருக்குப் புரியணும்னேன்."

"பனிக்குத் தனியா ஒரு மூக்கு வைக்கலாம்னு யோசிச்சது யாரு, மாமா?" என்றாள் அவள்.

"நீதான். நான் இல்லேன்னேனா?"

"அப்ப என் பேரு எங்க?"

அவள் கணவன் தண்ணீர் குடித்தான். தர்மசங்கடம் வரும்போதெல்லாம் அவனுக்குத் தாகம் எடுக்கும். மாமியார்தான் சமாதானத்துக்கு வந்தாள்.

"குடும்பத்துல என்னம்மா உன் பேரு, என் பேரு? கையில அஞ்சு விரல் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பேரு கேட்டா நடக்குமா?"

"விரலுக்குத் தனித்தனியா பேரு இருக்கே, அத்தை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல்."

"பார்த்தீங்களா, வாயை!" என்றாள் மாமியார், மேசைக்குப் பொதுவாக.

அவள் அழவில்லை. தட்டை எடுத்துப்போய்க் கழுவினாள். ஆனால் அந்தக் கடைசிப் பத்தி, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ரப்பர் சேராது. ரப்பர் இந்தக் கண்டுபிடிப்பில் சேராது. நாலாவது தட்டைக் கழுவும்போது நார் வெளியே வந்தது: சேராது என்றால், ரப்பர் அவருடையது இல்லை. அவரே சொல்லிவிட்டார். சொல்லி, முத்திரை குத்தி, கொடுத்தும்விட்டார்.

மறுநாள் அவள் வேறொரு பேட்டன்ட் ஏஜன்ட்டிடம் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், மின்விசிறி கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு சுற்றுகிற ஒரு சின்ன அறை. ஏஜன்ட்டுக்கு நரைத்த தலை, எதற்கும் ஆச்சரியப்படாத முகம். அவள் சொல்லச் சொல்ல அந்த முகமே கொஞ்சம் கலைந்தது.

"ரப்பர் சேராதுன்னு அவரே எழுதச் சொன்னாரா?"

"அடம்பிடிச்சு எழுதச் சொன்னாராம். எனக்குப் புரியணுமாம்."

"வீட்டைப் பூட்டிட்டு சாவியை மறந்துட்டுப் போறவங்களப் பார்த்திருக்கேன்மா. வீட்டை விட்டுட்டு பூட்டை மட்டும் எடுத்துட்டுப் போனவரை இப்பத்தான் பார்க்கிறேன்." பிறகு பேனாவை எடுத்தார். "இந்த ரப்பரை வெளியாளுங்க யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

"இல்ல. பன்னி மூக்குன்னு பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க."

"நல்லதாப் போச்சு. அங்க சம்பளம் வாங்குறீங்களா? சம்பளத்துக்கு வேலை செய்யறப்ப கண்டுபிடிச்சா, அது கம்பெனிக்குன்னு அவங்க மல்லுக்கு நிக்கலாம்."

"மகளுக்கு யாராச்சும் சம்பளம் கொடுப்பாங்களா, சார்?"

அவர் அதைக் கேள்வி என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

மனு போட்டதைக் கணவனிடம் அன்றே சொன்னாள். ஒளித்து வைக்கிற பழக்கம் அவளுக்கில்லை. அவன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

"நீ செஞ்சது நியாயம்தான். ஆனா அப்பாகிட்ட இப்ப சொல்லிடாதே."

"எப்ப சொல்லலாம்?"

"சமயம் பார்த்து."

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு பக்கமாவது நின்றிருப்பான்.

சமயம் வந்தது. மூன்று குவாரி நடத்துகிற ஓர் அம்மா டிரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். மழையில் வேலை நின்று நின்று அவள் பொறுமை தீர்ந்திருந்தது. பட்டறைக்கு அப்படி ஒரு ஆர்டர் அதற்குமுன் வந்ததில்லை. விஞ்ஞானி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், ஆட்களுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார், முற்றத்தில் ஆளுயரப் பாறை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பாறைக்கும் சுண்ணாம்பு அடிக்கப் போனவரை ஃபிட்டர்தான் தடுத்து நிறுத்தினார்.

முந்தின நாளெல்லாம் மழை. காலையில் காற்று ஈரத் துணி மாதிரி உடம்பில் ஒட்டியது. மருமகள் வானத்தைப் பார்த்தாள், பித்தளை மூக்கைப் பார்த்தாள். சொல்லவேண்டியதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

குவாரிக்காரம்மா கருப்புக் கண்ணாடியும் முழங்கால்வரை சேறு அப்பிய பூட்சுமாக இறங்கினாள். போட்டிருந்த நாற்காலியை அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. விஞ்ஞானி கூரையைக் காட்டித் தொடங்கினார்: "மேடம், காற்றாலை கியர்ல இருந்துதான் என்னோட ஆராய்ச்சி..."

"காத்தாடிக் கதையெல்லாம் அப்புறம் கேக்கிறேன். டிரில்லை ஓட்டுங்க. நின்னா வேண்டாம். நிக்காம ஓடுச்சுன்னா மூணு குவாரிக்கும் மாத்திடுறேன்."

அவரே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு டிரில்லைப் பிடித்தார். தடதடவென்று பாறை தூள் கக்கியது. பித்தளை மூக்கு வெயிலில் மின்னியது. மெல்ல மெல்ல மினுமினுப்பு குறைந்தது. வாயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், பிறகு வளையம் மீசையானது, மீசை தாடியானது. டிரில் ஒரு விக்கல் எடுத்தது, இன்னொரு விக்கல் எடுத்தது, நின்றது.

"சூடாகணும், மேடம். புதுசில்ல" என்றார் விஞ்ஞானி.

"அது சூடாகலையே, பனி கட்டியிருக்கு."

சுத்தியலால் தட்டினார். ஓடியது, முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. ஃபிட்டரை வெந்நீர் ஊற்றச் சொன்னார். பனி கரைந்தது. கரைந்த தண்ணீரும் உள்ளேயே உறைந்து, மூன்றாவது தடவை டிரில் கிளம்பவே இல்லை. வெள்ளைக் கையுறை கருத்துப்போயிருந்தது. விஞ்ஞானி நிமிர்ந்தார்.

"டிரில்ல தப்பே இல்ல, மேடம். இன்னைக்குக் காத்துல ஈரம் ஜாஸ்தி."

"ஓகோ. அப்ப டிரில்லோட காய்ஞ்ச காத்தையும் மூட்டை கட்டி அனுப்புவீங்களா?" அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

விஞ்ஞானி இரண்டே எட்டில் மருமகளிடம் வந்தார். குரல் தொண்டைக்குள்ளேயே இருந்தது. "இந்தாம்மா, அந்தப் பன்னி மூக்கை எடுத்துட்டு வந்து மாட்டு. ஓடு."

கணவனும் பின்னாலேயே வந்தான். "மாட்டிடேன், ப்ளீஸ். மத்ததை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய்! அந்த வீட்டில் பேசித் தீர்த்த விஷயம் ஒன்றாவது உண்டா? பேசாமல் மாட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள், 'அப்பா சட்டுனு ஒரு திருத்தம் போட்டார், டிரில் ஓடிடுச்சு' என்று ஆகிவிடும். வரப்போகிற ஆயிரம் ரப்பர் மூக்குக்கும் அவரே தகப்பன். மாட்டாவிட்டாலோ, குவாரிக்காரம்மா போய்விடுவாள். ஒரு மழைக்காலத்து உழைப்பு பெட்டிக்குள் கிடந்து மக்கும்.

அவள் உள்ளே போய் ரப்பர் மூக்கை எடுத்துவந்தாள். நேராக வண்டியின் பக்கம் போனாள். முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள். அப்பாவிடம் பேசிப் பேசி வந்த குரல்.

"மேடம், நீங்க பார்த்தது எங்க மாமாவோட டிசைன். இது வேற. இது நான் செஞ்சது. ஓட்டிக் காட்டவா?"

"யார் செஞ்சா என்னம்மா, நின்னா ரெண்டும் குப்பைதான். ஓட்டு."

அவள் பித்தளையைக் கழற்றிப் போட்டாள். அது தரையில் நல்ல சத்தத்தோடு உருண்டது. சத்தத்தில் குறையே இல்லை. டிரில்லுக்குள் இருந்த பனியைக் கரைத்துத் துடைத்து, கருப்பு மூக்கை மாட்டி, கிளிப்பை முறுக்கி, ஃபிட்டரிடம் கொடுத்தாள். டிரில் தடதடத்தது. ரப்பர் உதடு படபடத்தது, பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. கம்பி முழுவதும் பாறைக்குள் இறங்கியது. இன்னொரு துளை. இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவாரிக்காரம்மா ரப்பர் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கையில் உப்புத்தூள் மாதிரி பனி விழுந்து விழுந்து கரைந்தது. பாறை சல்லடையாகிற வரைக்கும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

"சரி, எப்பத்திலிருந்து தர முடியும்?" என்றாள்.

விஞ்ஞானி புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "உடனே தரலாம், மேடம். எங்க குடும்பக் கண்டுபிடிப்பு. பேட்டன்ட்டுக்கே மனு போட்டாச்சு..."

"அது பித்தளைக்கு, மாமா" என்றாள் மருமகள். "ரப்பர் அதுல சேராதுன்னு நீங்களே சொல்லி எழுதியிருக்கு. சாப்பிடும்போது படிச்சுக் காட்டினீங்க. ரப்பருக்கு நான் தனியா போட்டிருக்கேன். என் பேர்ல."

ஃபிட்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கணவன் சுற்றுமுற்றும் தண்ணீர் தேடினான். விஞ்ஞானி வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து எந்தக் கண்டுபிடிப்பும் வரவில்லை.

குவாரிக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க வீட்டுப் பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். டிரில்லை அவர் செய்யட்டும், மூக்கு உன்னோடதா இருக்கட்டும். ரெண்டும் சேர்ந்து வந்தா வாங்குறேன். மூக்கில்லாத டிரில் ஒண்ணுகூட என் குவாரிக்குள்ள வரக்கூடாது." வண்டி ஏறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீடு இழவு வீடு போல இருந்தது. மாமியார் மூக்கைச் சிந்தினாள். "பெத்த பொண்ணாட்டம் நினைச்சோமே உன்னை!"

"பெத்த பொண்ணா இருந்தாலும் பேரை விட்டுட்டுத்தான் எழுதியிருப்பீங்க, அத்தை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"பேரு, பேரு, பேரு! பேரை வச்சு நாக்கு வழிக்கவா?"

"அப்ப ஏன் மாமா போட்டுக்கிட்டார்?"

கணவன் தூது வந்தான். "கம்பெனி பேருக்கு மாத்திக் கொடுத்துடச் சொல்றார். அவர் மனசு சமாதானமாகும்."

"மாத்தித் தர மாட்டேன். செய்யறதுக்கு உரிமம் தர்றேன். வேணும்னா ஏஜன்ட் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க."

"சொந்த மாமனாரை ஆபீசுக்கு வரச் சொல்வியா?"

"மாடிதான். கைப்பிடி இருக்கு, விழ மாட்டார்."

விஞ்ஞானி உடனே வந்துவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே ஒரு மூக்கு கண்டுபிடிக்க உட்கார்ந்தார். அலுமினியத்தில் செய்தார், உறைந்தது. தோலில் செய்தார், எண்ணெயில் ஊறித் தொங்கியது. மரத்தில்கூட ஒன்று கடைந்தார் என்று ஃபிட்டர் சொன்னார்; அது உறைவதற்குள் வெடித்துவிட்டதாம். குவாரியிலிருந்து ஆள் வந்து வந்து கேட்டுப் போனான். கடைசியில், வேறு பட்டறையோடு அந்தம்மா பேசிக்கொண்டிருக்கிறாள் என்று சேதி வந்த அன்று, அவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. மருமகள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். எழுந்து நின்றாள், மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஏஜன்ட் தாள்களை அவர் முன்னால் தள்ளினார்.

"முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, சார்."

விஞ்ஞானி வரிமேல் விரல் வைத்தார். பழக்கம் விடுமா, குரலும் கூடவே வந்தது. "'...ஏர் டிரில்லுக்கான ரப்பர் மூக்கைச் செய்து விற்பதற்கு, அதைக் கண்டுபிடித்தவரான...'" விரல் நின்றது. மருமகளாக வந்த நாளிலிருந்து 'இந்தாம்மா' என்றும் 'ஏம்மா' என்றும் கூப்பிட்டாரே தவிர அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எதிரே ஏஜன்ட் காத்திருந்தார். மின்விசிறி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. விஞ்ஞானி தொண்டையைக் கனைத்துவிட்டு அந்தப் பெயரை வாசித்தார். எழுத்து எழுத்தாக, வேற்று மொழி படிக்கிறவர் மாதிரி.

பிறகு நிமிர்ந்தார். "முன்னாடி இருக்கிற இந்த இனிஷியல் யாரோடது? எங்க பையனோடது இல்லையே."

"எங்க அப்பாவோடது."

"கல்யாணம் ஆனா புருஷனோடதைத்தானே போடணும்?"

"பனி கட்டுற டிரில்லைப் பிடிச்சுக்கிட்டுக் காலம் பூரா நின்னது உங்க பையன் இல்லையே, மாமா."

விஞ்ஞானி ஏஜன்ட்டைப் பார்த்தார். ஏஜன்ட் கூரையைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டி, பேனாவை வாங்கி, கேடயத்துக்கும் பத்திரிகைக்கும் போட்டுப் பழகிய அந்தப் பெரிய கையெழுத்தை விஞ்ஞானி ஆரம்பித்தார். முதல் சுழியே கட்டத்தின் கோட்டைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த பெயர்மேல் ஏறப் பார்த்தது.

"கட்டத்துக்குள்ள போடுங்க, சார்" என்றார் ஏஜன்ட்.